எனிட் ஷெரட்டும் ஈரச் சுவரும்

எனிட் ஷெரட் என் படகுப் பட்டறைக்கு முதன்முதலாக வந்தபோது அவளுடைய இடது புருவம் கிழிந்திருந்தது. வலது கையில் கடப்பாரை இருந்தது. லாங்போர்ட் பாலத்துக்குக் கீழே, கால்வாய்க் கரையில், என் பெயரை நானே பெயிண்டில் எழுதி மாட்டிய பலகைக்கு அடியில் நின்று, "இங்க சாம்சன் புளூர்ங்கறது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"படகோட வயித்தைக் கிழிக்கிற வேலை ஏதாச்சும் இருக்கா? இப்பதான் ஒண்ணைக் கிழிச்சுட்டு வரேன். கை இன்னும் அடங்கலை."

வேலை கேட்டு வருகிறவர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்படிக் கேட்ட ஆளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நான் அரைகுறையாகப் படித்துவிட்டுப் பள்ளியை விட்டு ஓடியவன். நிலக்கரிப் படகில் குதிரைக்குப் பின்னால் நடந்து, ஒற்றைக் கொட்டகையில் தொடங்கி, இந்தக் கால்வாயில் பேர் சொன்னால் தெரிகிற பட்டறையை எழுப்பியவன். ஆளை எடைபோட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு துணியைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னேன். அன்றே சேர்த்துக்கொண்டேன்.

அவள் கிழித்துவிட்டு வந்தது அவள் புருஷன் ஹோரஸின் படகை. எண்பத்தொன்றாம் ஆண்டு டிசம்பரை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கால்வாய் கல்லாக இறுகி, படகுகளின் விலாவைப் பிடித்து நெறித்தது. ஹோரஸ் வெறும் இரும்புக் கூட்டை வாங்கி, உள்ளே ரீப்பர் அடித்து, ரீப்பர்களுக்கு நடுவே தெர்மாகோல் அட்டைகளைச் சொருகி, மேலே பிளைவுட்டைப் போட்டு மூடியிருந்தான். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையும். இரும்புச் சட்டங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. விடுகிற மூச்சு, கெட்டிலின் ஆவி, அடுப்பருகே காயப்போட்ட கோட்டின் ஈரம், எல்லாம் அந்த இடுக்கில் நுழைந்து, குளிர்ந்த தகட்டில் பட்டதும் தண்ணீராகி வழிந்தது. வெளித்தண்ணீர் புகுந்து மூழ்கிய படகுகளை நான் எத்தனையோ தூக்கியிருக்கிறேன். இவர்கள் தங்கள் மூச்சுத் தண்ணீரிலேயே முழுகிக்கொண்டிருந்தார்கள்.

மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்தது. சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் வழிந்த ஈரம் இராத்திரியில் ஐஸாக உறைந்தது, ஐந்து வயது மகள் ஐரிஸ் அதில் நகத்தால் படம் வரைவாள். அவளுக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. எனிட் சொல்லிப் பார்த்தாள். ஹோரஸிடம் ஒரே பதில்தான்: "ஜன்னலைத் திறந்து வைடீ, எல்லாம் காஞ்சிடும்." திறந்தால் பிள்ளை குளிரில் விறைத்தாள், மூடினால் ஈரத்தில் இழுத்தாள். ஒருநாள் காலை ஐரிஸின் உதடு நீலமாகிவிட்டது. எனிட் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேராகப் படகுக்குத் திரும்பி, கடப்பாரையை எடுத்தாள்.

ஹோரஸ் மதுக்கடையிலிருந்து வந்தபோது பாதிப் படகு பிளந்து கிடந்தது.

"ஏய்! என் படகுடீ அது!"

"உன் படகா? இந்தா, தின்னு உன் படகை!" என்று கறுத்த தெர்மாகோலை அவன் வாயில் திணித்தாள்.

மடைக்கதவு திறக்கிற இரும்புக் கைப்பிடி எங்கள் ஆட்களின் இடுப்பில் எப்போதும் தொங்கும். அவன் அதை உருவி அவள் முகத்தில் அடித்தான். புருவம் அப்படித்தான் கிழிந்தது. அவள் தலையைக் குனிந்து, காளை முட்டுவதுபோல அவன் வயிற்றில் மோதி, மேல்தளத்திலிருந்து கீழே தள்ளினாள். பனிக்கட்டி உடைந்தது, அவன் விலா எலும்பும் உடைந்தது. கரையிலிருந்தவர்கள் கொக்கி போட்டு அவனை இழுத்தார்கள்.

கோர்ட்டில் நீதிபதிக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. ஐரிஸை ஹோரஸின் தாய் வீட்டில் விட்டார்கள். பர்ஸ்லத்தில் செங்கல் வீடு, காய்ந்த சுவர். எனிட்டிடம் நீதிபதி சொன்னது இவ்வளவுதான்: குழந்தை உறங்குகிற சுவர் குளிர்காலத்தில் காய்ந்திருக்க வேண்டும், அதிகாரி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவரை சனிக்கிழமை மட்டும் பார்க்கலாம். மாமியார்க்காரி அந்தச் சனிக்கிழமைகளிலும் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை.

"வாடகைக்கு ஒரு செங்கல் வீடு பிடிச்சுடேன், கண்ணு" என்றேன்.

"படகுல பிறந்தேன். என்னைப் படகை விட்டு இறக்கறவன் இன்னும் பொறக்கலை" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் நுரை அடிக்கிற மெஷினை வாங்கினேன். எங்கள் கால்வாயில் அதை முதலில் வாங்கியவன் நான்தான். மற்ற பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களே என் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். இரண்டு டிரம்மில் இரண்டு திரவம். குழாய் முனையிலிருக்கிற துப்பாக்கியில் அவை சேர்ந்து சீறும். தகட்டில் பட்டதும் ரொட்டி மாவு மாதிரி பொங்கி, இறுகி, ஒட்டிக்கொள்ளும். தகட்டுக்கும் நுரைக்கும் நடுவில் காற்றுக்கு இடமே கிடையாது. காற்று இல்லாத இடத்தில் ஈரம் எங்கே போய்த் தண்ணீராகும்?

ஆனால் அது கொலைகார வேலை. முகமூடி விலகினால் நெஞ்சு போச்சு. தகடு ஈரமாகவோ குளிர்ந்தோ இருந்தால் ஒரு மாதத்தில் தோல் உரிவதுபோல மொத்தமும் உரிந்து வரும். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் உள்ளுக்குள்ளேயே வெந்து கருகும். என் ஆட்கள் துப்பாக்கியைத் தொடவே பயந்தார்கள். எனிட் அதைப் பிடுங்கிக்கொண்டாள். இரும்புக் கூட்டுக்குள் இறங்கி, பகைவனைச் சுடுவதுபோல் சுட்டாள். முகமூடிக்குள்ளிருந்து அவள் திட்டுகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்கும். இரும்புச் சட்டங்களையும் விடமாட்டாள், மூலையையும் விடமாட்டாள். பொங்கி வழிந்ததை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுவாள்.

பட்டறையில் ஒரு சட்டம் போட்டேன். நுரை அடித்த படகின் பின்கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி கட்டிய படகின் மேல் வெல்டிங் கூடாது, கிரைண்டர் கூடாது. தகட்டுக்கு வெளியே வைக்கிற சூடு உள்ளே போகும், நுரை தீப்பிடிக்கும், அதுவும் பலகைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஊர்ந்து போகும். ஆகவே வளையமோ கொக்கியோ எது வேண்டுமானாலும் முதலிலேயே வெல்டிங் செய்து ஒட்டிவிட வேண்டும். நெருப்பு முன்னால், நுரை பின்னால்.

என் வெல்டர் டெஸ் மஹோன் இந்தச் சட்டத்தைக் கேட்டுச் சிரிப்பான். பிர்கன்ஹெட்டில் பெரிய கப்பல்களுக்குத் தகடு ஒட்டியவன். வெல்டிங் ராடு பிடித்தால் அவன் கைக்கு ஈடு கிடையாது. அந்தத் திமிரும் அவனுக்கு உண்டு.

"முதலாளி, நான் ஒட்டின கப்பல் உலகத்தையே சுத்தி வருது. இந்தச் சோப்பு நுரைக்குப் பயந்து நான் கையைக் கட்டிக்கணுமா?"

"சோப்பாடா? உன் மூஞ்சில அடிச்சு விடவா? ஜென்மத்துக்கும் ஷேவ் பண்ண வேணாம்" என்பாள் எனிட்.

"அடி பார்ப்போம். குளிர் காலத்துக்குக் கதகதன்னு இருக்கும்."

"உனக்கெதுக்கு? உன் மண்டைக்குள்ளதான் முழுசும் பஞ்சு."

நாள் முழுக்க இப்படியே போகும். ஓட்ஸ் ரொட்டியில் பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டித் தின்கிற நேரத்தில்கூட ஓயாது. டெஸ் மீது ஒருமுறை சுத்தியலை எறிந்தாள். அது என் ஜன்னலில் பட்டது. ஜன்னலுக்கு டெஸ்தான் தன் காசில் கண்ணாடி வாங்கிப் போட்டான். அவன் மனசு அப்போதே எனக்குப் புரிந்திருந்தது, அவளுக்குத்தான் புரியவில்லை.

மூன்று குளிர்காலம் அவள் என் கொட்டகையின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, மற்றவர்களின் படகுகளைக் காய்ந்த வீடுகளாக மாற்றினாள். அந்த உழைப்பிலேயே ஒரு வெறும் இரும்புக் கூட்டைச் சொந்தமாக்கிக்கொண்டாள். அதைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துரு எடுத்தபோது அவள் விரல் முட்டிகளெல்லாம் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. நுரை அடித்தாள், அறுத்தாள், மேலே ஆஷ் மரப் பலகை வேய்ந்தாள். முன்பக்கத்தில் ஐரிஸுக்கு ஒரு சின்னக் கட்டில். பின்கம்பத்தில் சிவப்புத் துணி. அதிகாரி மிஸ் பிளாண்ட், நவம்பர் கடைசியில், பனி விழ ஆரம்பித்ததும் வந்து சுவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அக்டோபரில் ஒரு மதியம் நான் லாரியில் மரம் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாலத்தின் மேலிருந்தே அந்த நீல வெளிச்சம் தெரிந்தது. வெல்டிங் வெளிச்சம், எனிட்டின் படகின் மூக்கில்.

"நிறுத்துடா! டேய், நிறுத்துடா!"

டெஸ் முகமூடியை உயர்த்திச் சிரித்தான். பழைய படகின் இரும்பை வளைத்து, கால்வாய்ச் சுரங்கப்பாதையில் போகும்போது ஏற்றுகிற விளக்கை மாட்ட ஒரு தாங்கி செய்திருந்தான். கொல்லன் செதுக்கிய பூவேலை மாதிரி இருந்தது. கிரகப்பிரவேசப் பரிசு. அவள் சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து ஒட்டிவிட்டு, திரும்பி வந்ததும் காட்டலாமென்று நினைத்திருக்கிறான்.

"ரெண்டே ரெண்டு பொட்டு வெல்டிங்தான் முதலாளி. சுத்தி ஈரத்துணி வச்சிருக்கேன். உள்ள ஒண்ணும் ஆகாது."

கப்பல்காரன் புத்தி. அவன் வாழ்நாளில் ஒட்டிய தகடெல்லாம் இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தவை.

அதற்குள் எனிட் வந்துவிட்டாள். அவள் டெஸ்ஸைப் பார்க்கவில்லை, தாங்கியையும் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் உயர்த்தினாள். கசந்த, தொண்டையைக் கீறுகிற ஒரு நாற்றம். முன்ஜன்னல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புகைக்கோடு கசிந்தது.

விறகுக் குவியலிலிருந்து கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

நான் பம்ப்பை முடுக்கிவிட்டு, கால்வாய்த் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அப்போது எனக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. பட்டறையிலிருந்த இளவட்டங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள், நான் நிற்கவில்லை. உள்ளே அவள் தன் சொந்தச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் இழைத்து இழைத்துப் பொருத்திய ஆஷ் பலகைகள் ஒவ்வொரு வெட்டுக்கும் எலும்பு முறிகிற சத்தத்தோடு பிளந்தன. ஐரிஸின் கட்டிலை ஒரே உதையில் சுவரிலிருந்து பெயர்த்தாள். பலகை பிளந்த இடத்தில் காற்று புகுந்ததும், பின்னால் கறுப்பாகக் கனன்றுகொண்டிருந்த நுரை "புஸ்" என்று செந்தீயாகச் சீறி அவள் முகத்துக்கு நேராக வந்தது. புருவமும் முன்மயிரும் பொசுங்கின. அவள் பின்வாங்கவில்லை. எரிகிற நுரையை வெறுங்கையால் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தாள். நான் தண்ணீரைப் பீச்சினேன். ஆவியும் விஷப்புகையும் கலந்து கண்ணை அவித்தன.

"வெளிய வாடீ!"

"இன்னும் இருக்கு! மேல போவுது! மேல அடி, யோவ், மேல!"

கூரையோரம் வரை வெட்டினாள். கடைசியில் முட்டி மடங்கி விழுந்தவளை இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன்.

கரையில் யாரோ தீயணைப்பு வண்டியைக் கூப்பிட ஓடினார்கள். தரையில் கிடந்தபடியே அவள் கத்தினாள்: "கூப்பிட்டா கொன்னுடுவேன்! பேப்பர்ல ஏறும்! என் பிள்ளையைத் தரமாட்டாங்க!"

தீ அணைந்துவிட்டிருந்தது. படகின் முன்பாதி கரிக்குகை. பின்பாதியில் தண்ணீரும் புகையும் குடித்த பலகைகள்.

டெஸ் அங்கேயே நின்றான். முகமூடி கையில் தொங்கியது. "எனிட்டு... நான் உனக்குப் பரிசா..." என்றான்.

அவள் எழுந்தாள். கையில் கோடாலி இன்னும் இருந்தது. அதை அவள் திருப்பிப் பிடித்ததற்கு நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். காம்பால் முதல் அடி அவன் தாடையில். நனைந்த விறகு ஒடிவதுபோலக் கேட்டது. அவன் கையை உயர்த்தவில்லை. இரண்டாவது தோளில். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முஷ்டியால் அடித்தாள். தோல் வெந்த முஷ்டி. அடித்த இடத்திலெல்லாம் அவள் இரத்தமும் அவன் இரத்தமும் கலந்து ஒட்டியது. அவளைப் பிரித்தெடுக்க மூன்று ஆண்கள் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவனின் காதைக் கடித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டெஸ்ஸின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். நர்ஸுக்குச் சந்தேகம் வந்து போலீஸைக் கூப்பிட்டாள். நான் கட்டிலருகே இருந்தேன். ஒரு வார்த்தை போதும், எனிட் சிறைக்குப் போவாள், ஐரிஸ் அவளுக்கு இல்லை.

"யார் அடிச்சது உன்னை?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

டெஸ் தலையை இல்லையென்று அசைத்தான்.

"தானா விழுந்தியா?"

ஆமாம் என்று அசைத்தான்.

"எத்தனை தடவை விழுந்தே?" என்று போலீஸ்காரர் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

எனிட் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கைகளில் கட்டோடு மறுநாளே சுரண்டியை எடுத்தாள். எரியாத பாதியையும் விடவில்லை. புகை குடித்த நுரை என் பிள்ளைக்கு வேண்டாம் என்று, படகு முழுவதையும் தகடு தெரியச் சுரண்டினாள். என் ஆட்கள் எல்லோரையும் அதில் இறக்கினேன். வேறு படகுக்காரர்கள் காத்திருக்கட்டும் என்றேன், காத்திருந்தார்கள். என் பட்டறையில் நான் வைத்ததுதான் சட்டம்.

ஒரு வாரம் கழித்து டெஸ் வந்தான், வாயைத் திறக்க முடியாமல். கேட்காமலே படகின் மறுகோடியில் மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாள் கணக்கில் அந்த இரும்புக் கூட்டுக்குள் அவள் ஒரு கோடியிலிருந்தும் அவன் மறுகோடியிலிருந்தும் சுரண்டிக்கொண்டே வந்தார்கள். வேலை நடுப்படகில் வந்து முட்டியபோது அவள் எழுந்து வெளியே போய், கரியேறிய அந்த விளக்குத் தாங்கியைத் தகட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அவன் முன்னால் எறிந்தாள்.

"இப்ப ஒட்டுடா. எனக்கு எதிர்ல ஒட்டு. நான் உள்ள நின்னு பாக்கறேன்."

அவன் ராடு இரண்டு முறை தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து அவள் தகட்டைக் குத்தினாள். "கப்பல் ஒட்டின கையா இது? ஒட்டுடா, தடிமாடு!" மூன்றாவதில் பிடித்தது. நான் அவளருகே உள்ளே நின்றேன். மொட்டைத் தகட்டில் உள்ளங்கையளவு ஒரு வட்டம் செந்தணலாகச் சிவந்தது, சுற்றித் தின்ன ஒன்றுமில்லாமல் மெதுவாகக் கறுத்தது. அவள் அது முழுக்க ஆறும்வரை கண்ணெடுக்கவில்லை. பிறகு அடுப்பை மூட்டித் தகட்டைக் காய வைத்தோம். அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள்.

பலகை போடுவதற்கு நாள் போதவில்லை. ஆஷ் மரம் போய், சாதாரண பிளைவுட்தான் போட முடிந்தது. பெயிண்ட்கூட அடிக்கவில்லை. மிஸ் பிளாண்ட் வந்த காலையில் கால்வாய் ஓரமெல்லாம் பனிக்கட்டி கட்டியிருந்தது. அந்த அம்மாள் ஒல்லி, மூக்குக் கண்ணாடி, வாயில் சிரிப்பென்பதே கிடையாது. உள்ளே அடுப்பில் கெட்டில் கொதித்தது. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை முன்சுவரில் வைத்தாள். கட்டிலுக்குப் பின்னால் வைத்தாள். கூரை மூலையில், ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாள்.

பிறகு திரும்பி, "உங்க புருவம் என்னாச்சு? கையெல்லாம் என்ன? வெளிய ஒருத்தர் தாடையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரே, அவர் யாரு?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. அதற்குள் எனிட் முந்திக்கொண்டாள்.

"படகு எரிஞ்சுது. அவன்தான் தெரியாம எரிச்சான். நான்தான் அவன் தாடையை உடைச்சேன். கொன்னுருப்பேன், இவங்க விடலை. படகைத் திரும்ப முழுசா செஞ்சோம். எழுதிக்கங்க."

மிஸ் பிளாண்ட் மறுபடியும் சுவரில் கையை வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபின் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"என்னைச் சுவரைப் பாக்கத்தான் அனுப்பினாங்க" என்றாள். "சுவர் காஞ்சிருக்கு."

கையுறையை மாட்டிக்கொண்டு, படியேறும்போது நின்று, "அந்தப் பொண்ணு முன்னால யார் தாடையையும் உடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஐரிஸ் வந்தாள். எட்டு வயதாகியிருந்தது, கிழவி வீட்டில் நன்றாகத் தின்று கொழுத்திருந்தாள். டெஸ்தான் அவள் பெட்டியைத் தூக்கி வந்தான். எனிட் அவனைப் படிக்குக் கீழே இறங்க விடவில்லை, பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். பிள்ளை கட்டிலில் ஏறி, சுவரைத் தடவினாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், ஜன்னல் ஓரத்தில் தேடினாள்.

"அம்மா, இந்தப் படகுல ஐஸே இல்லையே. நான் எங்க படம் வரையறது?"

எனிட் அவளை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். திட்டிக்கொண்டே பிள்ளையின் முதுகில் காதை வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.